பரிஸில் ஒரு மாணவி: மேரி கியூரி அம்மையாரின் கற்கைக் காலம்

மேரி கியூரி அம்மையாரின் வரலாற்றை நாம் பாடசாலையில் படித்தபோது அது ரேடியத்தில் தொடங்கி இரண்டு நோபல் பரிசுகளில் முடிந்துவிட்டது. அவர் பிறந்த நாட்டை விட்டு வேற்று நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்த மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பாடத்தில் இரண்டு வரிகள் கிடைத்திருந்தால் அதிகம். இன்று எம்மிற் பலர் கடல் கடந்து வாழ்கிறோம். பலருடைய பிள்ளைகள் அந்நிய நகரங்களில் சிறிய அறையொன்றில் இருந்து படிக்கிறார்கள். ஆகவே அந்த மூன்று ஆண்டுகளையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறோம். மற்றவற்றை எல்லோரும் அறிவார்கள்.

மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா 1867 நவம்பர் 7ஆம் திகதி வார்சோ நகரில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். வீட்டில் மான்யா என்று அழைத்தார்கள். தாயும் தந்தையும் ஆசிரியர்கள். பழைய மாணவிகளாகிய எமக்குத் தாயாரின் வரலாறு தனியாக இனிக்கும். அவர் வார்சோவில் ஒரு பெண்கள் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியையாகி, பின்னர் அதே பாடசாலையின் அதிபராக இருந்தவர். மரியா பிறந்ததும் அந்தப் பாடசாலைக் கட்டடத்தில்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயார் அதிபர் பதவியை விட்டுவிட்டார். சில ஆண்டுகளில் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1876இல் மூத்த சகோதரி டைபஸ் காய்ச்சலில் இறந்தார். 1878இல் தாயாரும் போய்விட்டார். மரியாவுக்கு அப்போது பத்து வயது.

அந்நாளில் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டு வைத்திருந்தன. வார்சோ ரஷ்யாவின் பங்கு. பாடசாலைகளில் ரஷ்ய மொழியிலேயே படிப்பிக்க வேண்டும் என்பது கட்டளை. மரியா படித்த தனியார் பாடசாலையில் போலந்து மொழியையும் வரலாற்றையும் இரகசியமாகப் படிப்பித்தார்கள். பரிசோதகர் வாசலுக்கு வந்தால் மணி ஒலிக்கும். மறு நிமிடம் போலந்துப் புத்தகங்கள் மறைந்து, பிள்ளைகள் தையல் வேலையில் இருப்பார்கள். பரிசோதகரின் கேள்விகளுக்கு ரஷ்ய மொழியில் பதில் சொல்ல எழுப்பப்படுபவர் பெரும்பாலும் மரியாவே. வகுப்பில் அவருக்குத்தான் அந்த மொழி பிசகின்றி வரும். பதிலெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, பரிசோதகர் போன பின் அழுவாராம். மொழியின் பெயரால் ஒரு பிள்ளை வகுப்பறையில் தலைகுனிவது எப்படியிருக்கும் என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1883இல் அரச உயர்பாடசாலையில் தங்கப்பதக்கத்துடன் கல்வியை முடித்தார். அதற்கு மேல் வழியில்லை. வார்சோப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. வீடு வீடாக இடம் மாறி இரகசியமாக நடந்த பறக்கும் பல்கலைக்கழகம் என்ற வகுப்புகளுக்கு மரியாவும் அக்கா ப்ரோன்யாவும் சென்றார்கள். அங்கே அறிவு கிடைத்தது, பட்டம் கிடைக்காது. பெண்களுக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகங்களுள் பரிஸின் சோர்போன் ஒன்று. தந்தையாரோ உத்தியோகத்தில் இறக்கப்பட்டு, சேமிப்பையும் ஒரு வியாபாரத்தில் இழந்து, வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துக் குடும்பம் நடத்தியவர். ஒருவரைக்கூட வெளிநாட்டுக்கு அனுப்பும் நிலை அங்கில்லை.

சகோதரிகள் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் ப்ரோன்யா பரிஸ் சென்று மருத்துவம் படிப்பது. மரியா வேலை செய்து பணம் அனுப்புவது. அக்கா படித்து முடித்ததும் தங்கையை எடுப்பிப்பது. பதினெட்டு வயதில் மரியா ஆண்டுக்கு 500 ரூபிள் சம்பளத்தில் வார்சோவிலிருந்து தொலைவிலிருந்த கிராமமொன்றில், ஒரு வசதியான குடும்பத்தின் பிள்ளைகளுக்கு வீட்டாசிரியை ஆனார். மாதாமாதம் பரிஸுக்குப் பணம் போயிற்று. பகலில் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஓய்வு நேரத்தில் சட்டத்துக்கு மாறாகக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் போலந்து எழுத்து. இரவில் தனக்காகப் பௌதிகமும் கணிதமும்.

அந்த வீட்டு மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர். விடுமுறைக்கு வந்தவருக்கும் மரியாவுக்கும் அன்பு ஏற்பட்டது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணை மணக்கக்கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். மகனால் மீற முடியவில்லை. மரியா உடனே வேலையை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அக்காவுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்ததால், அவமானத்தை விழுங்கிக்கொண்டு 1889 வரை அதே வீட்டில் இருந்தார். வெளிநாட்டுப் படிப்புக்குக் கொடுக்கப்படும் விலையில் எந்தக் கணக்கிலும் எழுதப்படாத பகுதி இதுதான் என்று எமக்குத் தோன்றுகிறது. எம்மூரிலும் தம்பி தங்கைகளின் படிப்புக்காகத் தம் வாழ்வைத் தள்ளிவைத்த அக்காமார் எத்தனை பேர்! இந்தக் கதையில் தங்கை அக்காவுக்காகத் தள்ளிவைத்தார், அவ்வளவே.

1890இல் ப்ரோன்யாவின் கடிதம் வந்தது. தன்னுடன் மருத்துவம் படித்த கசிமிர் ட்லுஸ்கி என்ற போலந்துக்காரரை மணக்கப்போவதாகவும், அடுத்த ஆண்டு தங்கை வந்து தம்முடன் தங்கலாம் என்றும் எழுதியிருந்தார். எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்த மரியா, வழி திறந்ததும் தயங்கினார். வயதான தகப்பனாரைத் தனியே விட்டுப் போவதா என்ற தயக்கம். ஓர் ஆண்டு வார்சோவில் அவருடன் இருந்தார். அப்போது உறவினர் ஒருவர் நடத்திய சிறிய ஆய்வுகூடத்தில் மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பரிசோதனைகள் செய்து பார்த்தார். கருவிகளைத் தொட்டுப் பார்த்த அந்த மாதங்கள்தான் அவரைப் பரிஸுக்கு அனுப்பின எனலாம்.

1891 இலையுதிர் காலத்தில் புறப்பட்டார். வயது இருபத்து நான்கை நெருங்கிவிட்டது. மெத்தை, போர்வை, படுக்கை விரிப்பு, வழிச் சாப்பாடு எல்லாம் வீட்டிலிருந்தே போயின. பரிஸில் வாங்கினால் செலவு. ஜெர்மனிக்கூடாகச் சென்ற புகையிரதத்தில் நான்காம் வகுப்பு. அதில் இருக்கை கிடையாது. ஆகவே மடக்கு நாற்காலியொன்றையும் கையோடு கொண்டுபோனார். இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுத் திரும்பி வந்து, ஆசிரியையாகித் தகப்பனாருடன் இருப்பதே திட்டம்.

இறங்கிய இடம் கார் து நோர் நிலையம். பரிஸில் வாழும் எமது சகோதரிகளுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். லாச்சப்பல் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கப் போகும்போது தாண்டிச் செல்லும் அதே நிலையம், அதே கட்டடம். அக்காவும் அத்தானும் குடியிருந்த வீதியும் அதே பகுதியில், லா விலெத் பக்கம் இருந்தது. அன்று அதற்கு ஜெர்மனி வீதி என்று பெயர். இன்று ஜோன் ஜோரஸ் அவெனியு என்கிறார்கள்.

சோர்போனின் விஞ்ஞான பீடத்தில் 1891 நவம்பரில் பதிந்தார். பதிவில் மரியா என்ற பெயரைப் பிரெஞ்சு முறையில் மேரி என்று எழுதினார். குடும்பப் பெயரை மாற்றவில்லை. உடன் படித்தவர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. புதிய நாட்டில் பெயர் சுருங்குவதும் மாறுவதும் அன்றே இருந்திருக்கிறது.

பீடத்தில் ஆண்கள் நூற்றுக்கணக்கில். பெண்கள் மிகச் சிலர், அவர்களிலும் பலர் வெளிநாட்டவர். பிரான்ஸில் பெண் பிள்ளைகளின் பாடசாலைகள் பல்கலைக்கழக நுழைவுக்கு வேண்டிய பாடங்களை முழுமையாகக் கற்பிக்காததால், உள்ளூர்ப் பெண்களுக்கே அந்தக் கதவு ஒடுக்கமாக இருந்தது. சோர்போன் கட்டடங்களை அப்போது இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லுடைக்கும் ஓசையும் தூசியும் சூழ, ஆய்வுகூடங்கள் இடம் மாறி மாறி இயங்கின.

வகுப்பில் இரண்டு அதிர்ச்சிகள் காத்திருந்தன. பிரெஞ்சு மொழி தெரியும் என்று நம்பி வந்தவருக்கு, விரிவுரையாளர் வேகமாகப் பேசும்போது முழு வாக்கியங்களே கைநழுவிப் போயின. வாசிக்கத் தெரிந்த மொழி வேறு, குறிப்பெடுக்க வேண்டிய மொழி வேறு. இரண்டாவது அதிர்ச்சி இன்னும் பெரிது. தனியாக இருந்து படித்த கணிதத்திலும் பௌதிகத்திலும் பெரிய இடைவெளிகள் இருந்தன. பிரெஞ்சு மாணவர்கள் பாடசாலையிலேயே ஒழுங்காக முடித்து வந்த பகுதிகளை அவர் அங்கே இங்கே பொறுக்கிச் சேர்த்திருந்தார். தங்கப்பதக்கம் பெற்றவர் வகுப்பில் பின்தங்கியவர் ஆனார். எங்கள் பிள்ளைகளிலும் ஊரில் முதலாம் இடம் எடுத்துவிட்டுப் போய், முதல் தவணையில் வாயடைத்து நின்றவர்கள் உண்டு.

மேரி நேரத்துக்கு முன்பே சென்று முன்வரிசையில் அமர்ந்தார். லிப்மன் பௌதிகமும் அப்பெல் கணிதமும் விரிவுரை செய்தார்கள். அப்பெல்லின் தெளிவு அவரைக் கவர்ந்தது. லிப்மனின் ஆய்வுகூடத்தில் பின்னர் இடமும் கிடைத்தது. தேவையானதெல்லாம் படிக்க நேரம். அந்த நேரம் அக்கா வீட்டில் இல்லை.

ஜெர்மனி வீதியிலிருந்து சோர்போனுக்குக் குதிரைகள் இழுக்கும் ஒம்னிபஸ்ஸில் ஒரு மணித்தியாலம். மேல்தட்டில் கட்டணம் குறைவு என்பதால் குளிரிலும் அங்கேதான் பயணம். வீட்டுக்கு வந்தால் அத்தானின் நோயாளர்கள். இரவில் போலந்து நண்பர்கள், பியானோ, தேநீர், அரசியல் பேச்சு. அத்தான் நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாதவர். மைத்துனி புத்தகத்துடன் மூலையில் ஒதுங்கினால் இழுத்துக்கொண்டு வந்து கூட்டத்தில் இருத்துவார். போலந்துக்காரரின் விழா ஒன்றில் மரியா தம் நாட்டின் உருவமாக மேடையில் நின்றார். அதைக் கேள்விப்பட்ட தகப்பனார் கலவரப்பட்டு எழுதினார். பரிஸில் யார் யார் கூடுகிறார்கள் என்று பார்த்து எழுதுபவர்கள் இருப்பார்கள், பின்பு வார்சோவில் வேலை தேடும்போது அது வினையாகும் என்பது அவருடைய பயம். வெளிநாட்டில் மேடையேறும் பிள்ளையை நினைத்து ஊரிலிருக்கும் பெற்றோர் அஞ்சுவது எமக்குப் புதிதல்ல.

1892 மார்ச்சில் மேரி அக்கா வீட்டை விட்டு வெளியேறி, லத்தீன் வட்டாரத்தில் ஃபிளாத்தேர் வீதி 3ஆம் இலக்கத்தில் ஓர் அறை எடுத்தார். அக்கா வீடு இருக்கத் தனி அறை எதற்கு என்று எமது அம்மாமார் கேட்டிருப்பார்கள். கோபித்துக்கொண்டு போனார் என்று ஊரும் கதைத்திருக்கும். உண்மையில் ட்லுஸ்கி தம்பதியரே அறைக்குச் சாமான் தூக்க உதவினார்கள். சொந்த மொழியும் சொந்தச் சமையலும் உள்ள அந்த வீடு மேரியை அன்பினால் கட்டிவைத்திருந்தது. அங்கேயே இருந்திருந்தால் பரிஸ் அவருக்கு வெளியே நின்றிருக்கும், பிரெஞ்சும் நாவுக்கு வந்திருக்காது. அவர் வெளியேறியது சரியென்றே நாம் நினைக்கிறோம். ஆனால் அதற்குத் தனிமை என்ற விலை இருந்தது.

அறை ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே. கூரையில் பதித்த ஒரு சிறு கண்ணாடியே சன்னல். தண்ணீரும் நிலக்கரியும் படியேறித்தான் வரவேண்டும். மாதம் 40 ரூபிள், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 3 பிராங்க். வாடகை, சாப்பாடு, உடுப்பு, புத்தகம், பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாம் அதற்குள். மாலையில் சென் ஜெனவியேவ் நூலகத்துக்குப் போய்விடுவார். அங்கே வாயு விளக்கு எரியும், இளஞ்சூடாக இருக்கும். இரண்டும் இலவசம். பத்து மணிக்கு நூலகம் பூட்டியதும் அறைக்கு வந்து மண்ணெண்ணெய் விளக்கில் அதிகாலை இரண்டு மணிவரை படிப்பார். கடுங்குளிர் இரவுகளில் முகம் கழுவும் பாத்திரத்தில் தண்ணீர் உறைந்துவிடும். வைத்திருந்த உடுப்பு முழுவதையும் போர்வைக்கு மேல் குவித்துக்கொண்டு படுப்பார்.

சாப்பாடு பெரும்பாலும் பாணும் பட்டரும் தேநீரும். எப்போதாவது இரண்டு முட்டை, கொஞ்சம் சொக்கலேற், பழம். சமைக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரம் ஒதுக்கவும் விருப்பமில்லை. ஒருநாள் சிநேகிதி முன்னிலையில் மயங்கி விழுந்தார். செய்தி கேட்டு ஓடிவந்த அத்தான் அறையைச் சுற்றிப் பார்த்தார். சமைத்த அடையாளமே இல்லை. என்ன சாப்பிட்டாய் என்று துருவித் துருவிக் கேட்டதில், முதல் நாளிலிருந்து உட்கொண்டது ஒரு கட்டு முள்ளங்கியும் கொஞ்சம் செர்ரிப் பழமும் என்று தெரிந்தது. உடனே வீட்டுக்குக் கூட்டிச் சென்று இறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்ணவைத்தார்கள். சில நாளில் தேறி, இனி ஒழுங்காகச் சாப்பிடுவேன் என்று வாக்குக் கொடுத்து அறைக்குத் திரும்பியவர் மறுபடியும் பழைய வழிக்கே போனார். இந்தச் சம்பவத்தை மகள் ஈவ் பின்னர் தாயின் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பசியைத் தவமாக்கி எழுதும் வழக்கம் எமக்கு உடன்பாடில்லை. மேரிக்கு ஒரு மணித்தியாலப் பயணத்தில் அக்கா வீட்டுச் சாப்பாடு இருந்தது. பட்டினி கிடந்ததால் அவர் நன்றாகப் படித்தார் என்பதற்கும் ஆதாரமில்லை. தொலைபேசியில் சாப்பிட்டேன் அம்மா என்று சொல்லும் பிள்ளையிடம், என்ன சாப்பிட்டாய் என்று அந்த அத்தான் கேட்டதுபோல் கேட்கலாம் என்பதற்காகவே இதை எழுதினோம்.

1893 ஜூலையில் பௌதிகப் பட்டப் பரீட்சையின் பெறுபேறுகள் திறமை ஒழுங்கில் வாசிக்கப்பட்டன. முதலாவது பெயர் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா. முதல் மாதங்களில் விரிவுரை விளங்காமல் இருந்தவர் இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாரையும் தாண்டிவிட்டார். விடுமுறைக்கு வார்சோ சென்றபோது கையில் பணம் தீர்ந்திருந்தது. கணிதப் பட்டத்துக்குத் திரும்பிப் போவது நிச்சயமில்லை. அப்போது ஒரு சிநேகிதியின் முயற்சியால் வெளிநாட்டில் படிக்கும் திறமையான போலந்து மாணவர்களுக்கான அலெக்சாந்ரோவிச் புலமைப்பரிசில் கிடைத்தது. 600 ரூபிள். அதைப் பதினைந்து மாதங்களுக்கு நீட்டினார். 1894 ஜூலையில் கணிதத்தில் இரண்டாம் இடம்.

சில ஆண்டுகளின் பின் அவர் செய்த ஒரு காரியத்தை எமது புலமைப்பரிசில் நிதிக்குழுவினர் விரும்பி வாசிப்பார்கள். உருக்கு வகைகளின் காந்தத் தன்மை பற்றிய ஆய்வுக்காகக் கிடைத்த முதல் ஊதியத்திலிருந்து அந்த 600 ரூபிளையும் திருப்பிக் கொடுத்தார். திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. பணத்தைப் பெற்றவர்கள் திகைத்துப் போனார்கள். இன்னொரு வறிய மாணவிக்கு அது உதவட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த உருக்கு ஆய்வுக்கு இடம் தேடியபோதுதான் 1894 வசந்தத்தில், போலந்துப் பேராசிரியர் ஒருவர் மூலம் பியேர் கியூரி அறிமுகமானார். பட்டம் பெற்றதும் மேரி திட்டப்படி வார்சோ போனார். பியேரின் கடிதங்கள் பின்தொடர்ந்தன. ஒக்டோபரில் பரிஸ் திரும்பினார். 1895 ஜூலை 26இல் பரிஸை அடுத்த சோ என்ற ஊரில் திருமணம். பின்பு ஆய்வுகூடத்துக்கும் உடுத்தக்கூடியதான கடும் நீல உடுப்பே மணப்பெண் உடுப்பு. தகப்பனார் வார்சோவிலிருந்து வந்திருந்தார். மகளுடன் இருப்பதற்குக் காத்திருந்த மனிதர், அவளை இன்னொரு நாட்டில் விட்டுவிட்டுப் புகையிரதம் ஏறினார். 1902இல் அவர் இறந்தபோது மேரி வழியில் இருந்தார். போய்ச் சேருமுன் பெட்டி மூடப்பட்டுவிட்டது. திறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்து, தான் திரும்பி வராததற்காக மன்னிப்புக் கேட்டு அழுதார். அக்காவும் அத்தானும் அதற்கு முன்பே போலந்து மண்ணுக்குத் திரும்பி, மலையூரான சகோபானேயில் காசநோய் மருத்துவமனை அமைக்கப் போய்விட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்த சகோதரிகளில் அழைத்தவர் திரும்ப, வந்தவர் தங்கிவிட்டார்.

1898இல் கண்டுபிடித்த முதல் மூலகத்துக்குத் தன் நாட்டின் பெயரால் பொலோனியம் என்று பெயர் வைத்தார். 1903இலும் 1911இலும் நோபல் பரிசு. 1906இல் பியேர் விபத்தில் இறந்தபின், அவர் விட்ட இடத்திலிருந்து அதே சோர்போனில் விரிவுரையைத் தொடர்ந்தார். அங்கே கற்பித்த முதற் பெண் அவரே. ஆனாலும் 1911இல் பத்திரிகைகள் அவரைத் தூற்றியபோது அந்நியப் பெண் என்றே எழுதின. இருபது ஆண்டு வாழ்ந்த நாடு அது. அவரும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் போலந்து மொழி பழக்கியே வளர்த்தார்.

1932இல் வார்சோவில் ரேடியம் நிறுவனம் திறக்கப்பட்டபோது மேரி சென்றிருந்தார். அதைக் கட்டியெழுப்ப முன்னின்றவர் ப்ரோன்யா. அமெரிக்கப் பெண்கள் திரட்டிக் கொடுத்த ஒரு கிராம் ரேடியத்தை மேரி அந்த நிறுவனத்துக்கே கொடுத்தார். 1934 ஜூலை 4ஆம் திகதி, கதிர்வீச்சினால் இரத்தம் கெட்டு, பிரான்ஸின் மலையூர் ஒன்றில் காலமானார். சோவில் பியேரின் அருகே அடக்கம் செய்தபோது, ப்ரோன்யாவும் சகோதரர் யூசெப்பும் போலந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணைக் குழிக்குள் இட்டார்கள்.

1995 ஏப்ரலில் இருவரின் எச்சங்களும் பிரான்ஸின் பெருமக்கள் துயிலும் பாந்தியனுக்கு மாற்றப்பட்டன. பரிஸ் செல்லும் சகோதரிகள் அதைப் பார்க்கப் போனால், அதே சதுக்கத்தில் எதிர்ப்புறம் நிற்கும் நீண்ட கட்டடத்தையும் பாருங்கள். அதுதான் சென் ஜெனவியேவ் நூலகம். இன்றும் மாணவர்கள் இரவில் பத்து மணிவரை இருந்து படிக்கிறார்கள்.